வேர்நூல்

அண்ணன் வயல் பச்சையாக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அமிர்தவல்லிக்கு மனசு சரியில்லை.

அண்ணிக்குக் காய்ச்சல் என்று செறுவூருக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை பொய்த்த வருஷம். இப்போது மார்கழி. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் முதலில் பாய்கிற ஊர் செறுவூர். அவள் வாழ்க்கைப்பட்ட உப்பனாங்குடி அதே வாய்க்காலின் கடைசி ஊர், அதற்கப்புறம் கடல்தான். இரண்டு ஊரிலும் ஒரே நெல், ஒரே வறட்சி. ஆனால் செறுவூரில் கதிர் வெளிவந்து பயிர் நிமிர்ந்து நின்றது. பஸ் உப்பனாங்குடி எல்லைக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் காய்ந்த கோரை நிறமாகிவிட்டது.

வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்கு வந்தாள். கணவர் பக்கிரிசாமி வரப்பில் குந்தியிருந்தார். பிடுங்கிய பயிர் ஒன்று கையில் இருந்தது. அதன் வேரில் சிலந்தி நூல் போல வெள்ளை வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"அண்ணிக்கு எப்படி இருக்கு?"

"எந்திரிச்சு உக்காந்துட்டாங்க." அவளும் வரப்பில் உட்கார்ந்தாள். "ஏங்க, அண்ணன் வயல்ல ஈரம் இருக்குங்க. காலு வச்சா பதியுது."

"போரு போட்டு எறைக்கிறாரா?"

"போருல காத்துதான் வருதாம். மோட்டார எடுத்து வீட்டுக்குள்ள போட்டு வச்சிருக்காங்க."

பக்கிரிசாமி கையிலிருந்த வேரைப் பார்த்தார். "அப்ப தண்ணி எங்கேருந்து வருது?"

அவளும் அந்த வெள்ளை நூலைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சந்தேகம்தான் வந்திருந்தது.

வேர்நூல் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் அடுத்தடுத்து பருவங்கள் தவறி, ரேஷன் கடைகளில் அரிசி நின்று மக்காச்சோளம் போட்ட காலம் ஒன்று உண்டு. பட்டணங்களில் கடைகள் உடைக்கப்பட்டன. அப்போதுதான் தானிய ஆணையம் ஒரு வெள்ளைப் பொடியைக் கொண்டுவந்தது. விதைநெல்லோடு பிசறி விதைக்க வேண்டும். அது ஒருவகைப் பூஞ்சைக்காளான். மண்ணுக்கடியில் நூல் நூலாக ஓடி ஒரு பயிரின் வேரை அடுத்த பயிரின் வேரோடு கட்டிவிடும். ஈரம் இருக்கிற வயல் இல்லாத வயலுக்குக் கொடுக்கும். ஆற்றங்கரையிலிருந்து கடற்கரை வரை எல்லா வயலும் ஒரே உடம்பு மாதிரி ஆகிவிடும் என்றார்கள்.

ஆகத்தான் செய்தது. முதலில் வந்த வறட்சியில் உப்பனாங்குடி வாய்க்காலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் நெல் வீடு வந்து சேர்ந்தது. செறுவூர்க்காரர்கள் இறைத்த தண்ணீர் மண்ணுக்கடியிலேயே வந்து கடைமடையான உப்பனாங்குடியைக் காப்பாற்றியிருந்தது. அந்தப் பொங்கலுக்கு அமிர்தவல்லி புதுநெல் அரிசியைச் சுமந்துகொண்டு போய் அண்ணன் வீட்டில் வைத்து, "உங்க தண்ணியில வெளைஞ்சதுண்ணே" என்றாள். அண்ணன் கோவிந்தராசு வாய்விட்டுச் சிரித்தார்.

இப்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லக்கூடியவள் ரெஜினா ஒருத்திதான். ஆணையத்தின் மண் ஆய்வாளர். வேர்நூலை உருவாக்கிய குழுவில் இருந்தவள். மறுநாள் காலை ஜீப்பில் வந்தாள். ஊர்க்காரர்கள் வயலில் கூடிவிட்டார்கள். அவள் பல இடத்தில் கம்பியை இறக்கி, கையிலிருந்த திரையைப் பார்த்தாள். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி மேல போகுது" என்றாள்.

"மேலன்னா?" வைரக்கண்ணு கேட்டார். பக்கிரிசாமிக்குப் பக்கத்து வயல்காரர். ஊரில் எந்தக் காரியத்துக்கும் முதல் மண்வெட்டி அவருடையதாகத்தான் இருக்கும்.

"தலைமடைக்கு. செறுவூருக்கு. உங்க மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரத்தை நூல் இழுத்து அங்க கொண்டுபோகுது."

"நூலு கெட்டுப்போச்சா?"

"கெடல. செய்யச் சொன்னதைத்தான் செய்யுது. எந்தப் பயிர் விளைச்சலுக்குக் கிட்ட நிக்குதோ அதுக்குத் தண்ணியக் கொண்டுபோன்னு பழக்கியிருக்கோம். வாய்க்கால் தண்ணி முதல்ல அவங்களுக்கு வந்துச்சு, அவங்க முந்தி விதைச்சாங்க. அங்க இப்ப கதிர் வந்து பால் பிடிக்குது. இங்க பயிரு இன்னும் தூர் வெடிச்சே முடியல, கதிருக்கே நாளாகும். எல்லாருக்கும் பத்துற அளவு ஈரம் இருந்தா பிரிச்சுக் குடுக்கும். இல்லாதப்ப..." வைரக்கண்ணு முடித்தார்.

"இல்லாதப்ப எங்கள உறிஞ்சி அவங்களுக்கு ஊத்தும்."

"ஆமாங்க."

"இத விதைக்கறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள். "இவ்வளவு மோசமா ஒரு வருஷம் வரும்னு கணக்குல வைக்கல. அப்படியே வந்தாலும் மொத்த விளைச்சல் தப்பிச்சாப் போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று மதியத்துக்குள் ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. உப்பனாங்குடிக்கும் மேல்பக்கத்துக்கும் நடுவே நிலம் ஓரிடத்தில் குறுகிக் கழுத்துப் போல ஆகும். இரண்டு பக்கமும் கைவிட்ட இறால் குட்டைகள். உப்பு ஏறிய மண்ணில் வேர்நூல் பிடிக்காது. ஆக, அந்தக் கழுத்து வழியாகத்தான் நூல் போகிறது. அங்கே குறுக்கே பள்ளம் வெட்டி, குட்டையின் உப்புச்சேற்றை வாரிப் போட்டால் நூல் அறுந்துவிடும்.

சேதி செறுவூருக்கும் போயிற்று. சாயங்காலம் கோவிந்தராசு மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"மாப்ளே, வெட்டப் போறீங்களாமே."

"ஊருல பேசிக்கிறாங்க மச்சான்."

"போன தடவ என் வயல்லேருந்து இங்க வந்துச்சு. நான் பள்ளம் வெட்டுனனா?"

"உங்களுக்கும் வெளைஞ்சு எங்களுக்கும் வெளைஞ்சுது மச்சான். இப்ப அப்படியா?"

கோவிந்தராசு தங்கையைப் பார்த்து விரல்களை நசுக்கிக் காட்டினார். "அமிர்தம், கதிரு பாலாத்தான் இருக்கு. நசுக்குனா வெள்ளையா வருது. இன்னும் கொஞ்ச நாள் தாங்குனாப் போதும்."

"காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்றாள் அவள்.

அவர் குடிக்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை ஆண்களும் பெண்களும் மண்வெட்டி, கூடைகளோடு கழுத்துப் பக்கம் சேர்ந்தார்கள். ரெஜினாவின் ஜீப் சற்றுத் தள்ளி நின்றது. வெட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊர் நினைத்தது. வெட்டினால் பயிர் பிழைக்குமா? இவ்வளவு காய்ந்த பிறகு பிழைக்காது என்றால் எதற்குப் பாவத்தைக் கட்டிக்கொள்வது?

"அமிர்தம், நீ போயி கேட்டுட்டு வா. பொம்பளைக்குப் பொம்பள, மறைக்காம சொல்லும்" என்றார் பக்கிரிசாமி.

அமிர்தவல்லி நடந்து போனாள். ரெஜினா ஜீப்பின் பின்பக்கம் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பிழைக்கும்க்கா. இன்னிக்கே வெட்டுனா பிழைக்கும். அடிமண்ணுல ஈரம் இருக்கு. முழு விளைச்சல் வராது. பாதிக்கு மேல வரும்."

"அண்ணன் ஊரு?"

"அங்க பதராயிரும். பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி நின்னா ஒண்ணும் தேறாது. செறுவூர் மட்டும் இல்ல, அந்த வரிசையில இருக்கிற எல்லா ஊரும்."

"எல்லாமா?"

"எல்லாம். அக்கா, நான் உங்கள வெட்டச் சொல்லல, வெட்ட வேணாங்கவும் இல்ல. கேட்டதால சொல்றேன். இங்க வெளையறது இந்த ஊருக்குப் பத்தும். அங்க வெளையறது மாவட்டம் மாவட்டமா ரேஷனுக்குப் போறது. இந்த வருஷம் வெளியூரு அரிசின்னு ஒண்ணு கெடையாது. வடக்கயும் இல்ல, ஆந்திராவுலயும் இல்ல. மறுபடி மக்காச்சோளந்தான். அதுவும் இருந்தா."

அமிர்தவல்லி மக்காச்சோள வருஷத்தை நினைத்தாள். அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து தங்காமல் போனது அந்த வருஷம்தான். அண்ணன் கதிரை நசுக்கிக் காட்டுவது போல விரலை அசைத்ததும் நினைவுக்கு வந்தது. கூட்டத்தை நோக்கித் திரும்பி நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"வெட்டுனாலும் பிழைக்காதாம்" என்றாள்.

கூடைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"அடிமண்ணு வரைக்கும் காஞ்சிபோச்சாம். நமக்கும் இல்லாம அவங்களுக்கும் இல்லாமத்தான் போவுமாம்."

வைரக்கண்ணு மண்வெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். "அப்ப எதுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து நடந்தார். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். பக்கிரிசாமி கடைசியில் போனார். மனைவியிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

தை பிறப்பதற்குள் உப்பனாங்குடியில் பயிர் என்று சொல்ல எதுவும் இல்லை. மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். அவையும் இரண்டு வாய் மென்றுவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. தலைமடையில் அறுவடை நடந்தது. லாரிகள் வரிசையாகப் போயின. தானியச் சங்கிலி அறுபடவில்லை என்று செய்தியில் சொன்னார்கள். நாடே பட்டினி கிடந்த வருஷத்தில் இங்கே ரேஷன் கடை மூடவில்லை என்று வெளிநாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உப்பனாங்குடி ரேஷன் கடையிலும் அரிசி போட்டார்கள். அமிர்தவல்லி வாங்கிவந்து சமைத்தாள். தன் பொய்யில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அப்போது அவளால் நினைத்துக்கொள்ள முடிந்தது. இந்தச் சோற்றை எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தி தன் பிள்ளைக்குப் பிசைந்து ஊட்டுவாள் என்று நினைத்தாள்.

ஒருநாள் கடைத்தெருவில் ரெஜினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊரே சேர்ந்து இப்படி ஒரு முடிவு எடுக்கும்னு நான் நினைக்கலக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. ஊர் எந்த முடிவையும் எடுக்கவில்லை என்று அமிர்தவல்லி சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மழை பெய்தது. வாய்க்கால் நிறைய வராவிட்டாலும் வந்தது. உப்பனாங்குடியில் கடன் கேட்டு, நகை விற்று விதைத்தார்கள். முளைத்தது. ஒரு சாண் வளர்ந்தது. பிறகு, காலடியில் மழைத் தண்ணீர் நின்று வற்றிய ஈரம் மாறுவதற்குள், நுனி கருகத் தொடங்கியது. நெல்லை விட்டு உளுந்து போட்டுப் பார்த்தவர்களுக்கும் அதே கதி. வாய்க்கால் கரைத் தென்னைகள் மட்டையைத் தொங்கவிட்டன.

ரெஜினா வந்து பக்கிரிசாமியின் வயலில் தோண்டினாள். இடுப்பளவு ஆழத்தில் வெள்ளையாக ஒன்று தட்டுப்பட்டது. விரல் கனத்தில் முறுக்கேறிய கயிறு போல இருந்தது. அதைக் கத்தியால் அறுத்தாள். அறுத்த இடத்தில் தண்ணீர் கசிந்து மண்ணில் சொட்டியது.

"போன வருஷம் இது தலைமயிர் கனந்தான் இருந்துச்சு" என்றாள். "ஒரு பருவம் முழுக்க ஒரே பக்கமாத் தண்ணி போனதுல வழி பழகிருச்சு. இனிமே மழை பேஞ்சாலும் இந்த மண்ணு அதுக்கு வயல் இல்ல. தொட்டி."

"இப்ப வெட்டுனா?" பக்கிரிசாமி கேட்டார்.

"இது மேல தெரியறது. கீழ எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு எங்க கருவிக்கே எட்டல. உப்புக் குட்டைக்கும் அடியில பூந்து போயிருச்சு. அன்னிக்கு நூலா இருந்தப்பவே வெட்டியிருந்தா..."

"ஆணையத்துல சொன்னீங்களா?"

"சொன்னேன். மொத்த விளைச்சல் குறையலையேன்னு கேட்டாங்க. எந்த வறட்சிக்கும் தாங்கணும்னா கடைசியில ஒரு தொட்டி இருக்கிறது நல்லதுதானாம்." கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். "நான் வேலைய விட்டுட்டேன். அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல."

அதன் பிறகு ஊர் கலைந்தது. திருப்பூர், சென்னை, கேரளம் என்று குடும்பம் குடும்பமாகப் போனார்கள். வைரக்கண்ணு மனைவியோடு செங்கல் சூளைக்குப் போனார். கோடையில் அவர் உடம்புதான் திரும்பி வந்தது. சூளையில் சரிந்த கல் மேலே விழுந்துவிட்டதாம். பாடை தூக்க ஊரில் ஆள் போதாமல் வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வர வேண்டியிருந்தது. அவர் மனைவி தைலம்மை அழுது ஓய்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். அமிர்தவல்லி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தைலம்மை அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவுக உன்னைப் பத்தி அடிக்கடி சொல்லுவாக" என்றாள் தைலம்மை. "அன்னிக்கு நீ மட்டும் விசாரிச்சுட்டு வரலைன்னா, வீணா வெட்டி அந்த சனங்க வயத்துலயும் அடிச்சிருப்போம்னு. போனாலும் பாவம் பண்ணாம போறோம்னு சொல்லிக்கிட்டேதான் சூளைக்கு வந்தாக."

அமிர்தவல்லி கையை இழுத்துக்கொள்ள முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாகக் கிளம்பியவர்களில் அவர்களும் உண்டு. கோவிந்தராசு தன் வீட்டுப் பின்கட்டைக் காலி செய்து வைத்திருந்தார். லோடு வேனில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். காலையிலிருந்து பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அமிர்தவல்லி, கட்டுவதை நிறுத்திவிட்டுக் கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க. ஒண்ணு சொல்லணும்."

பக்கிரிசாமி கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு வெட்டுனா பிழைக்கும்னுதான் சொல்லுச்சு. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் கயிற்றை விடவில்லை. அவள் காத்திருந்தாள். கத்துவார், அடிப்பார், எழுந்து போய்விடுவார் என்று எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ போறதுக்கு முன்னாடியே நான் போயி கேட்டிருந்தேன். விடியக்காலம், ஜீப்பு வந்து நின்னதுமே. எங்கிட்டயும் பிழைக்கும்னுதான் சொல்லுச்சு."

"அப்புறம் எதுக்கு என்னை அனுப்புனீங்க?"

அவர் கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்டார். "வெட்டுங்கன்னு நான் சொன்னா ஒன் அண்ணன் குடும்பத்த நான் அழிச்சதாயிரும். வேணாம்னு சொன்னா ஊர அழிச்சதாயிரும். எனக்குத் தைரியம் இல்ல. நீ எதச் சொல்றியோ அது நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நான் பொய் சொல்றப்ப பக்கத்துலதானே நின்னீங்க."

"நின்னேன்."

"ஒரு வார்த்தை..."

"சொல்லல." கயிற்றைக் கீழே வைத்தார். "நீ பொய் சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு அமிர்தம். அதான் நெசம்."

இரண்டு வருஷமாக அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமப்பதாக அவள் நினைத்திருந்தாள். இறக்கி வைக்க இடம் கிடைத்தும் பாரம் குறையவில்லை. தைலம்மையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தைலம்மை எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. ஊரில் வேறு யாரிடம் சொல்வது? எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் பூட்டிக் கிடந்தன.

வேன் வந்தது. கோவிந்தராசு தானே சாக்குகளைத் தூக்கிப் போட்டார். தங்கையை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பக்கிரிசாமி பின்னால் சாமான்களோடு ஏறிக்கொண்டார். நேர்ச்சாலை பழுதாகிக் கிடந்ததால் கடலோரமாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

"எங்க வீடுன்னு நெனைக்காத, ஒன் வீடு" என்றார் கோவிந்தராசு. "இந்த வருசம் நல்லா வெளைஞ்சிருக்கு. மழை சுமாருதான், ஆனா பயிருக்கு ஒரு கொறையும் இல்ல." அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டு அவரே சங்கடப்பட்டுச் சாலையைப் பார்த்தார். "அடுத்த ஆத்துப் பாசனத்துக்கும் வேர்நூல் குடுக்குறாங்களாம்."

தாழையடியில் கூட்டத்தால் வண்டி மெதுவாயிற்று. அது அடுத்த ஆற்றின் கடைமடை. கூட்டுறவுச் சங்கத்தின் முன்னால் ஆணும் பெண்ணுமாக வரிசை நின்றது. உள்ளே வெள்ளைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. ஊர் முழுவதும் காய்ந்து கிடந்தது.

"வண்டிய நிறுத்துங்கண்ணே" என்றாள் அமிர்தவல்லி.

இறங்கிப் போனாள். வரிசையின் கடைசியில் அவள் வயதில் ஒருத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அமிர்தவல்லி அவளிடம் சொன்னாள். தான் எந்த ஊர், அங்கே என்ன விளைந்தது, அந்த நூல் முதலில் எப்படிக் கொடுத்தது, பிறகு எப்படி எடுத்தது, கடைசி ஊர் எப்படித் தொட்டியாகும் என்று எல்லாம் சொன்னாள். தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் அவளை விரட்டவில்லை.

அந்தப் பெண் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "போட்டா இந்த வருசம் வெளையுமாக்கா?" என்றாள்.

விளையாது என்று மறுபடியும் ஒரு பொய் சொல்லிவிட்டால் என்ன என்று அமிர்தவல்லிக்குத் தோன்றியது. கூட்டம் முழுவதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் வெளையும்" என்றாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். வரிசை நகர்ந்தது. அவளும் ஓர் அடி முன்னால் போனாள்.